கட்டிலைக் கொடுத்தவர், பெயரையும் கொடுத்தவர்



மாதந்தோறும் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கும் முதியோருக்கும் நற்கருணை கொண்டுசெல்லும்போது எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அந்த வீட்டில் பெரியவரின் கட்டில் எங்கே போடப்பட்டிருக்கிறது என்று என் கண் தேடும். சில வீடுகளில் கூடத்திலேயே, எல்லாரும் வந்துபோகும் இடத்தில் இருக்கும். சில வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே, பழைய சாமான்களுக்கு நடுவே இருக்கும். யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஒரே அறையில் ஐந்து பேர் படுத்து எழும் வீடுகளின் சிரமம் எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படிப் பார்க்கும் போதெல்லாம், 1839ம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிரான்சு நாட்டில் இடம்மாறிய ஒரு கட்டில் என் நினைவுக்கு வரும். அதன் சொந்தக்காரர் ஜீன் ஜுகான் என்ற 47 வயது வேலைக்காரப் பெண். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையின் நிறுவனராக இன்று நாம் அறியும் புனிதை இவர்தான். திருச்சபை ஆகஸ்டு 30ம் நாள் அவரை நினைவுகூர்கிறது.

பிரான்சின் வடமேற்கில் பிரிட்டனி என்ற பகுதி இருக்கிறது. அங்கே கான்கால் என்ற மீனவர் ஊரில் 1792ம் ஆண்டு அக்டோபர் 25ம் நாள் ஜீன் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சி கொழுந்துவிட்டு எரிந்த காலம் அது. ஆலயங்கள் மூடப்பட்டன, குருக்கள் ஒளிந்து வாழ்ந்தனர், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வீட்டுக்குள்ளேயே இரகசியமாகக் கற்பிக்கப்பட்டது. ஜீனுக்கு நான்கு வயதுகூட நிரம்பாத நிலையில், கடலுக்குப் போன தந்தை திரும்பி வரவில்லை. இந்த ஒரு வரியின் பொருளை நம் கடற்கரைப் பங்குகளில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பிள்ளைகளை வளர்க்கும் சுமை முழுவதும் தாயின் தலையில் விழுந்தது. சிறுமி ஜீன் மாடு மேய்த்தாள், கம்பளி பின்னினாள், செபமாலை சொல்லக் கற்றாள்.

ஏறக்குறைய 16 வயதில் ஒரு செல்வச் சீமாட்டியின் வீட்டில் சமையல் வேலைக்குப் போனார். அந்த அம்மையார் பக்தி உள்ளவர். நோயாளிகளையும் ஏழைகளையும் பார்க்கப் போகும்போது ஜீனையும் உடன் அழைத்துப் போனார். வறுமை ஜீனுக்குப் புதிதல்ல. ஆனால் ஏழையின் வீட்டு வாசலில் எப்படி நுழைவது, அவர் முகம் வாடாமல் எப்படிக் கொடுப்பது என்பதை அங்கேதான் கற்றிருப்பார் என்று நினைக்கிறேன். மாலுமி ஒருவர் அவரை மணக்க விரும்பிக் கேட்டார். சில ஆண்டுகள் காத்திருந்து மறுபடியும் கேட்டார். ஜீன் இரண்டு முறையும் மறுத்துவிட்டார். கடவுள் தன்னைத் தமக்காக வைத்திருக்கிறார் என்றும், இன்னும் தொடங்கப்படாத ஏதோ ஒரு பணிக்காக வைத்திருக்கிறார் என்றும் தாயிடம் சொன்னார். அது என்ன பணி என்று அவருக்கே தெரியாது. தெரிய இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்த ஆண்டுகளில் அவர் செய்ததெல்லாம் சாதாரண வேலை. 1817ல் சேன் செர்வான் என்ற துறைமுக ஊருக்கு வந்தார். அங்கிருந்த மருத்துவமனையில் ஆறு ஆண்டுகள் நோயாளிகளைக் கவனித்தார். உடல் தளர்ந்துபோகவே அதை விட்டுவிட்டு, லெகோக் என்ற மணமாகாத பெண்மணியின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பன்னிரண்டு ஆண்டுகள், அந்த அம்மையார் 1835ல் இறக்கும்வரை இருந்தார். எசமானியும் வேலைக்காரியும் சேர்ந்து செபித்தார்கள், சேர்ந்து திருப்பலிக்குப் போனார்கள், சேர்ந்தே ஏழைகளைப் பார்த்தார்கள். புனித ஜான் யூட்ஸ் வழிவந்த மூன்றாம் சபையிலும் ஜீன் உறுப்பினராக இருந்தார். உலகில் இருந்துகொண்டே துறவியைப் போல் செபித்து வாழும் ஒழுங்கு அது. இந்த நீண்ட காலத்தைப் பற்றிப் புனிதர் வரலாறுகள் இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போய்விடும். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் பின்னால் வந்ததைத் தாங்கும் பலம் அந்தச் சமையலறையிலும் கோவில் இருக்கையிலும்தான் சேர்ந்தது.

இனி அந்தக் கட்டிலுக்கு வருவோம். எசமானி இறந்தபின் ஜீன், ஃபான்ஷோன் என்ற எழுபது வயது தாண்டிய தோழியுடன் சேர்ந்து ஒரு சிறிய வீட்டின் பகுதியை வாடகைக்கு எடுத்தார். விர்ஜினி என்ற பதினேழு வயது அனாதைப் பெண்ணும் அவர்களோடு சேர்ந்துகொண்டாள். ஜீன் வீடு வீடாகத் துணி துவைக்கவும் துப்புரவு செய்யவும் போனார். விர்ஜினி தையல் வேலை செய்தாள். முதியவர் வீட்டில் நூல் நூற்றார். அந்த ஊரில் ஆன் ஷோவான் என்ற முதிய விதவை இருந்தார். பார்வை இல்லை, பாதி உடல் விளங்கவில்லை. அவரைக் கவனித்துவந்த சகோதரியும் நோய்வாய்ப்பட்டு மருத்துவமனைக்குப் போய்விட, பார்க்க யாருமில்லை. ஜீன் அவரைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். குறுகலான மாடிப்படி. நடக்கமுடியாத அந்த அம்மாவைத் தன் முதுகில் சுமந்து ஏறினார். தன் கட்டிலில் படுக்க வைத்தார். தான் மேலே பரணில் போய்ப் படுத்துக்கொண்டார்.

சபையின் தொடக்கம் இவ்வளவுதான். திட்டம் கிடையாது, கட்டடம் கிடையாது, நன்கொடைப் புத்தகம் கிடையாது. கொஞ்ச நாளில் இசபெல் என்ற இன்னொரு முதியவர் வந்தார். எசமானர்கள் நொடித்துப்போன பின்னும் கூலி வாங்காமல் அவர்கள் சாகும்வரை உழைத்துவிட்டுத் தெருவுக்கு வந்த வேலைக்காரி அவர். இப்போது விர்ஜினியும் தன் கட்டிலைக் கொடுத்தாள். 1841ல் முன்பு மதுக்கடையாக இருந்த ஒரு தரைத்தள இடத்தை வாடகைக்கு எடுத்தார்கள், பன்னிரண்டு முதியோருக்கு இடம் கிடைத்தது. 1842ல் பழைய கன்னியர் மடம் ஒன்றை விலைக்கு வாங்கினார்கள். அவ்வூர் உதவிப் பங்குத்தந்தை அருள்தந்தை லெ பையேர் இதற்கு உதவினார். அவரிடம் ஆன்ம ஆலோசனை பெற்றுவந்த மரி ஜாமே என்ற இளம்பெண்ணும் குழுவில் சேர்ந்தார். அதே ஆண்டு மே 29ம் நாள் ஜீனைத் தங்கள் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இவ்வளவு பேருக்குச் சோறு எங்கிருந்து வந்தது? வந்த முதியவர்களில் பலர் அதுவரை தெருவில் பிச்சை எடுத்தவர்கள். இல்லத்துக்கு வந்தபின்னும் பழைய வழக்கப்படி வெளியே போய்க் கையேந்தினார்கள். சிலர் கிடைத்ததைக் குடித்துத் தீர்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஜீன் அவர்களைத் திட்டவில்லை. யார் யார் வீட்டில் உங்களுக்குக் கொடுப்பார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு அவர்களுடைய கூடையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, அதே வாசல்களில் தானே போய் நின்றார். இனி அவர்களுக்குப் பதிலாக நான் வருகிறேன், அவர்களுக்குக் கொடுத்ததை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டார். புனித இறை யோவான் சபைச் சகோதரர்கள் இந்த வழியில் அவருக்குத் துணிவூட்டினார்கள்.

இறைமக்களே, இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஏழைக்குச் சோறு போடுவது ஒரு வேலை. ஏழையின் வெட்கத்தை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொள்வது வேறு வேலை. உழைத்துச் சம்பாதித்துப் பழகிய ஒரு பெண்ணுக்குப் பிறர் வாசலில் நிற்பது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்! அன்று முதல் அந்த முதியவர்கள் யாரிடமும் கையேந்த வேண்டியிருக்கவில்லை. வெறுமனே உட்கார வைக்கப்படவும் இல்லை. முடிந்தவர்கள் நூல் நூற்றார்கள், கம்பளி சிக்கெடுத்தார்கள், இல்லத்துக்குத் தங்கள் பங்கைக் கொடுத்தார்கள். சகோதரிகளும் முதியோர் சாப்பிட்டபின் மீந்ததையே சாப்பிட்டார்கள். அறம் செய்கிறோம் என்று நாம் ஏழைகளை வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுக்கிறோமே, அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. எங்கள் பங்கிலும் அப்படிச் செய்திருக்கிறோம்.

ஒருநாள் ஒரு வீட்டில் எரிச்சலடைந்த முதியவர் ஒருவர் ஜீனை அறைந்துவிட்டார். அந்த அடி தனக்கானது, அதற்கு நன்றி, இப்போது தன் ஏழைகளுக்கும் ஏதாவது தாருங்கள் என்று அமைதியாகக் கேட்டார். அவர் கொடுத்தார் என்கிறது வரலாறு. பிறகு ஆன்ஜே என்ற நகரில் இல்லம் தொடங்கியபோது முதியவர்கள் வெறும் ரொட்டியைத் தின்பதைப் பார்த்தார். வெண்ணெய் இல்லையா என்று கேட்டபோது, இல்லை என்றார்கள். காலியான வெண்ணெய்ப் பாத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிப் புனித சூசையப்பரின் சுரூபத்தின் முன் வைத்தார், முதியவர்களுக்கு வெண்ணெய் வேண்டும் என்று ஒரு சீட்டும் எழுதி வைத்தார். வெண்ணெய் வந்தது. குழந்தைத்தனம் என்று சிலர் சிரிக்கலாம். அவருடைய செபம் இப்படித்தான் இருந்தது. கேட்பது, காத்திருப்பது, பிறகு கூடையை எடுத்துக்கொண்டு நடப்பது. நடக்கும் வழியெல்லாம் விரலில் செபமாலை உருளும்.

இனிச் சொல்லப்போவது எழுதக் கூச்சமான பகுதி. காரணம், இதில் தவறு செய்தவர் என்னைப் போன்ற ஒரு குரு.

1843ம் ஆண்டு டிசம்பர் 8ம் நாள் சகோதரிகள் ஜீனை மறுபடியும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். பதினைந்து நாள் கழித்து, டிசம்பர் 23ம் நாள், லெ பையேர் அந்தத் தேர்தலைத் தானாகவே செல்லாததாக்கினார். 23 வயதான மரி ஜாமேயைத் தலைவியாக்கினார். ஜீனுக்கு அப்போது 51 வயது. வீட்டை உண்டாக்கியவர் அந்த வீட்டுக்கு வெறும் கூடை தூக்குபவர் ஆனார். எதிர்த்து ஒரு கூட்டம் சேர்க்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு மறுபடி நடந்தார்.

உலகமோ அவரை அடையாளம் கண்டிருந்தது. சேன் செர்வான் நகரத் தலைவரும் முக்கியப் பிரமுகர்களும் ஜீனின் பணிகளை விவரித்துப் பிரெஞ்சு அகாதெமிக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். 1845ம் ஆண்டு டிசம்பரில் அந்த அகாதெமி மோந்தியோன் பரிசை, 3,000 பிராங்கை, அவருக்கு வழங்கியது. அங்கே அவரைப் பாராட்டி ஆற்றப்பட்ட உரை அச்சாகி வந்தது. புகழுரையை மடித்துப் பெட்டியில் வைக்காமல், புதிய ஊர்களில் நன்கொடை கேட்கப் போகும்போது அறிமுகச் சீட்டாக அதைப் பயன்படுத்தினார். ரென், தினான், தூர், ஆன்ஜே என்று இல்லங்கள் பெருகின. பெரும்பாலும் அவர் கால்நடையாகப் போய்ச் சேர்த்த உதவியில்தான் அவை நிலைபெற்றன. 1849ல் ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற பெயரும் சபைக்கு நிலைத்தது.

1852ல் ரென் மறைமாவட்ட ஆயர் சபைக்கு அங்கீகாரம் அளித்தார். அதே ஆண்டில் லெ பையேர் ஜீனைத் தாய் இல்லத்துக்குத் திரும்ப அழைத்தார். இனி வெளியே போகக்கூடாது, உதவியவர்களோடு தொடர்பு வைக்கக்கூடாது. நவதுறவியர் இல்லத்தில் இளம்பெண்களின் கைவேலையைக் கவனிக்கும் பொறுப்பு மட்டும் கொடுக்கப்பட்டது. 1856ல் சபை சேன் பெர்ன் என்ற சிற்றூரில் பெரிய நிலம் வாங்கித் தாய் இல்லத்தை அங்கே மாற்றியபோது ஜீனும் அங்கே போனார். சிலுவையின் சகோதரி மரி என்பதுதான் இப்போது அவர் பெயர். இதற்கிடையில் லெ பையேர் சபையின் தொடக்கத்தை வேறுவிதமாகச் சொல்லி வந்தார். தாமே நிறுவனர், மரி ஜாமேயும் விர்ஜினியும் முதல் இரு சகோதரிகள், ஜீன் மூன்றாவதாக வந்து சேர்ந்தவர் என்பது அந்தக் கதை. அவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த இளம் சகோதரிகள் பலருக்கு, கம்பை ஊன்றி நடக்கும் இந்தக் கிழவி யார் என்பதே தெரியாது.

இப்படி 27 ஆண்டுகள்.

இதைப் பற்றி மறையுரை வைக்கும் நாங்கள் பொதுவாக ஓர் எளிய வழியைப் பிடித்துக்கொள்கிறோம். பாருங்கள் எவ்வளவு தாழ்ச்சி, நீங்களும் வாய்திறக்காமல் தாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நடந்தது அநீதி. அதைச் செய்தவர் குருத்துவ அதிகாரத்தைப் பயன்படுத்திச் செய்தார். ஜீனுக்கும் அது தெரியும். என் பணியை நீங்கள் என்னிடமிருந்து திருடிக்கொண்டீர்கள், ஆனாலும் மனமார விட்டுத்தருகிறேன் என்ற பொருள்பட அவர் லெ பையேரிடமே நேரில் சொன்னதாகச் சகோதரிகளின் மரபு கூறுகிறது. திருட்டைத் திருட்டு என்றுதான் சொன்னார். பெயருக்காகச் சண்டையிட்டால் சபை இரண்டாகும், முதியவர்கள் மறுபடி தெருவுக்குப் போவார்கள். அவர் கணக்கிட்டது இதையாகத்தான் இருக்க வேண்டும். தன் கட்டிலை ஆன் ஷோவானுக்குக் கொடுத்தது போல, தன் இடத்தையும் அந்த முதியோருக்காகவே கொடுத்தார். யாரும் கேட்டு வாங்கும் உரிமை உள்ள பொருள் அல்ல அது. பங்குகளில் உழைக்கும் சகோதரிகளிடமும் பெண்களிடமும் அவருடைய மௌனத்தைக் காட்டி வாயடைக்கிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

அந்த 27 ஆண்டுகளில் அவரிடம் ஒருமுறை முக்கியமான கருத்துக் கேட்டார்கள். சபை நிரந்தர வருமானமும் சொத்தும் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி 1865ல் எழுந்தது. மன்றத்துக்கு ஜீனையும் அழைத்தார்கள். இதுவரை போலவே இறைபராமரிப்பை நம்பி, நிரந்தர வருமானம் இல்லாமல் நடப்போம் என்றார். அவர் சொன்னதே முடிவாயிற்று. பேசிவிட்டு எழுந்து தன் நவதுறவிகளிடம் திரும்பிப் போனார்.

அவர்களுக்கு அவர் கற்பித்தவை சின்னச் சின்னச் செய்திகள்தான். கதவை மெதுவாகச் சாத்து. நூலை வீணாக்காதே. முதியவர் ஒரே கதையைப் பத்தாம் முறை சொன்னாலும் முதல்முறை போலக் கேள். பொறுமை தீர்ந்துபோனால் ஆலயத்துக்குள் போ, இயேசு அங்கே காத்திருக்கிறார், அவரிடம் சொல்லிவிட்டு வா. ஏழை என்றால் அவர்தான் என்பதை மறந்துவிடாதே. கடைசி நாட்களில் கண்பார்வை மங்கி ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. முதலில் தான் சுமந்து வந்த பார்வையற்ற அம்மாவை அப்போது நினைத்திருப்பாரா என்று நான் சில நேரம் எண்ணுவதுண்டு.

1879ம் ஆண்டு மார்ச்சில் திருத்தந்தை 13ம் சிங்கராயர் சபையின் சட்ட ஒழுங்குகளை அங்கீகரித்தார். அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, ஆகஸ்டு 29ம் நாள் ஜீன் தமது 86வது வயதில் இறைவனடி சேர்ந்தார். அப்போது சபையில் ஏறக்குறைய 2,400 சகோதரிகள் இருந்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1882ல், அவர்கள் கொல்கத்தாவுக்கு வந்தார்கள். பின்னாளில் சென்னையிலும் அச்சபையின் முதியோர் இல்லம் அமைந்தது. கொல்கத்தாவில் வந்திறங்கிய சகோதரிகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்த வரலாற்றில் ஜீனின் பெயர் மூன்றாவதாகவே இருந்தது. ஆனால் அவர்கள் செய்யக் கற்றிருந்ததெல்லாம் ஜீன் தொடங்கி வைத்தவை.

உண்மை மெல்லத்தான் வெளிவந்தது. 1890ல் உரோமை லெ பையேரை அழைத்து விசாரித்துப் பொறுப்பிலிருந்து நீக்கியது. எஞ்சிய நாட்களை அவர் உரோமையில் ஒரு மடத்தில் கழித்தார். மரி ஜாமே 1893ல் இறந்தார். முதல் சகோதரி தான் அல்ல, அப்படிச் சொல்லும்படி தனக்குக் கட்டளையிடப்பட்டது என்று அவரே கடைசியில் ஒத்துக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. அவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. இருபத்து மூன்று வயதில் ஆன்ம குரு சொன்னதற்குக் கீழ்ப்படிந்துவிட்டு, வாழ்நாளெல்லாம் அந்தப் பொய்யைச் சுமந்த பெண் அவர். இதில் ஒரு விந்தை உண்டு. ஜீன்தான் இப்பணியைத் தொடங்கியவர் என்பதற்கு, பரிசுக்காகச் சேன் செர்வான் ஊரார் எழுதி அனுப்பிய அந்தப் பழைய விண்ணப்பமே உறுதியான சான்றாக நின்றது. ஊராருக்கு யார் வாசலில் வந்து நின்றார் என்று தெரியும் அல்லவா!

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1982ம் ஆண்டு அக்டோபர் 3ம் நாள் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். 2009ம் ஆண்டு அக்டோபர் 11ம் நாள் திருத்தந்தை 16ம் பெனடிக்ட் புனிதர் பட்டம் வழங்கினார். தொழுநோயாளரின் தந்தையான புனித தமியானும் அதே நாளில், அதே திருப்பலியில் புனிதரானார். பல நாடுகளிலுள்ள சபையின் இல்லங்களிலிருந்து முதியவர்களும் உரோமைக்கு வந்திருந்தார்கள்.